எல்லாவற்றுக்கும் 'கத்து' என்று போட்ட பதிப்பாசிரியருக்கு

பெருமதிப்பிற்குரிய ஆங்கிலம்-தமிழ் அகராதிப் பதிப்பாசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு, அந்த அகராதியின் நான்காம் பதிப்பை முழு விலை கொடுத்து வாங்கிய ஸ்டோர் கீப்பர் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக் கோப்பவர்களும், பிழை திருத்துகிறவர் என்று யாராவது அங்கே இருந்தால் அவரும், நலமாக இருக்க வேண்டுகிறேன். என் நலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். இதை நான் எழுதுவது எங்கள் கம்பெனி அலுவலகத்தின் முதல் மாடியில், விசாரணை அறைக்கு வெளியே கிடக்கும் மர பெஞ்சில் உட்கார்ந்து. மணி ஒன்பது இருபது. பெஞ்சின் மறுமுனையில் என் மச்சினன், அதாவது என் மனைவியின் ஒரே தம்பி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு வேலை இருக்கிறதா போகிறதா என்று இன்றைக்கு முடிவு சொல்லப்போகிறார்கள். போனால் அதற்கு உங்கள் அகராதியின் 611-ஆம் பக்கம்தான் காரணம் என்பதைத் தங்களுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடவே இந்தக் கடிதம். கார்பன் வைத்துத்தான் எழுதுகிறேன். இருபத்தேழு வருஷ ஸ்டோர் பழக்கம், நகல் எடுக்காமல் எனக்குக் கை ஓடாது. அசல் தங்களுக்கு, நகல் எனக்கு.

முதலில் குற்றச்சாட்டைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் அகராதி இப்போது என் மடியில்தான் இருக்கிறது. பக்கம் 634, ஷவுட்: கத்து, கூச்சலிடு. பக்கம் 812, யெல்: கத்து, கூச்சலிடு. பக்கம் 611, ஸ்க்ரீம்: கத்து, கூச்சலிடு, அலறு. பக்கம் 636, ஷ்ரீக்: கத்து, அலறு. பக்கம் 57, பெல்லோ: உரக்கக் கத்து. பக்கம் 301, ஹவுல்: கத்து, ஊளையிடு. இப்படி மொத்தம் பதினான்கு ஆங்கிலச் சொற்களை நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பதினான்குக்கும் முதல் பொருள் கத்து. ஏன் ஐயா, தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா? எங்கள் தெருவிலேயே காலையில் கூவி விற்கிறவர் வேறு, வாடகை கேட்டுச் சத்தம் போடுகிற வீட்டுக்காரர் வேறு, ஊசியைக் கண்டதும் வீறிடுகிற எதிர்வீட்டுக் குழந்தை வேறு, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூப்பாடு போடுகிற என் சகலை வேறு. இத்தனை பேரையும் ஒரே சட்டைக்குள் நுழைத்துவிட்டு நீங்கள் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டீர்கள். உங்களுக்கு அதில் அரைப் பக்கம் மிச்சம். எங்களுக்கு அதில் ஒரு குடும்பம் தெருவில் நிற்கப் பார்க்கிறது.

நடந்தது இதுதான். எங்களுடையது லாரியில் வரும் இரும்புக் குழாய்களை இறக்கி அடுக்கி, வேண்டியபோது ஏற்றி அனுப்பும் யார்டு. கிரேன் ஓட்டுகிறவர் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார், கீழே நடப்பது பாதி அவருக்குத் தெரியாது. கீழே நின்று கையைத் தூக்கி, மடக்கி, விரலைச் சுழற்றி அவரை நடத்துகிறவன் சிக்னல்காரன். என் மச்சினனுக்கு ஒன்பது வருஷமாக அந்த வேலை. வாயைத் திறக்காமல் பிழைக்கிற வேலை என்பதால் அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவன் கல்யாணத்தன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் பேசியது மொத்தம் நாலு வாக்கியம், அதில் மூன்று 'சாப்டீங்களா'. யார்டில் அவனுக்குப் பெயர் மௌனசாமி. ஆபத்து என்றால் ஊதுவதற்குச் சிக்னல்காரன் கழுத்தில் ஒரு விசில் தொங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விசில் சமாச்சாரத்தை இங்கே இழுக்க வேண்டாம், அது அகராதி சம்பந்தப்பட்டது அல்ல.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. ஆறு குழாய் கொண்ட கட்டு ஒன்று லாரிக்குப் பக்கத்தில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது அதைச் சுற்றியிருந்த கம்பிவடம் ஒரு பக்கம் வழுக்க ஆரம்பித்தது. நேர் கீழே லாரி டிரைவர் தன் பாட்டுக்குக் குனிந்து தார்ப்பாய் மடித்துக்கொண்டிருந்தார். மௌனசாமி வாயைத் திறந்தான். அங்கிருந்து முப்பதடி தூரத்தில் என் ஸ்டோர் ஜன்னல், உள்ளே நான் வாஷர் எண்ணிக்கொண்டிருந்தேன், நூற்று நாற்பதோ என்னவோ எண்ணியிருந்தேன், அத்தனையும் கையிலிருந்து சிதறிவிட்டது. அப்படி ஒரு குரல் அவனுக்குள் இருந்தது அவன் கூடப்பிறந்த அக்காவுக்கே தெரியாது. தலை நிமிர்ந்து பார்க்கிறேன், டிரைவர் பின்னால் துள்ளுகிறார், குழாய்கள் அவர் குனிந்திருந்த இடத்தில் விழுகின்றன, கடைசியாக உருண்ட ஒன்று மட்டும் அவர் கணுக்காலை ஒடித்துவிட்டுப் போகிறது. ஆள் பிழைத்தார். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கேள்வி ஒன்றே ஒன்று. சிக்னல்காரன் கத்தியது குழாய் விழுவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் எச்சரித்தான், கடமையைச் செய்தான். பின்பு என்றால் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவன், விழுந்ததும் பயத்தில் அலறினான். அப்படி முடிவானால் வேலை போகும், வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போகும். அவனுக்கு இரண்டாவது பெண் பிறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. கிரேன்காரருக்குக் கூண்டுக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. டிரைவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொடுத்த வாக்குமூலத்தில், ஏதோ சத்தம் கேட்டது, கால் தானாகப் பின்னால் போனது, அது இரும்புச் சத்தமா மனுஷச் சத்தமா என்று நினைவில்லை என்று சொல்லிவிட்டார். மீதி இருந்த ஒரே சாட்சி நான். அக்கா புருஷன் சாட்சி என்பதால் என் ஒவ்வொரு எழுத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

சாட்சிப் படிவத்தை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும், இன்ஷூரன்ஸ் மேலிடத்தில் தமிழ் படிக்கிறவர் யாரும் இல்லை. அதற்கு நான் பயப்படவில்லை. யார்டில் என் பெயரே டிக்‌ஷனரி. விடுப்புக் கடிதம், கடன் விண்ணப்பம், பக்கத்து ஷெட் வெல்டரின் காதல் கடிதம் உள்பட எல்லாம் என் கையால் ஆங்கிலமானவைதான். தங்கள் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு, கத்தினான் என்பதற்கு எந்தச் சொல் போடலாம் என்று பார்த்தேன். பதினான்கு சொல், பதினான்குக்கும் ஒரே பொருள். இங்கேதான் என் தொழில் எனக்குக் குழி வெட்டியது. நான் போல்ட்டுகளோடு வாழ்கிறவன். ஒரே மாதிரியான சாமான் பதினான்கு இருந்தால் அது பதினான்கு அளவு என்றுதான் என் புத்திக்குத் தோன்றும். ஆகவே ஒரு தாளை எடுத்து அளவுவாரியாக அடுக்கினேன். ஷவுட், ஆறு எம்எம். யெல், எட்டு. பெல்லோ, பத்து. ஸ்க்ரீமுக்கு மட்டும் நீங்கள் மூன்று பொருள் கொடுத்திருந்ததால் அதுதான் பெரிது என்று பன்னிரண்டு எம்எம் தட்டில் போட்டேன். மச்சினன் போட்ட சத்தத்துக்குச் சின்னச் சொல் வைத்தால் ஏதோ முணுமுணுத்தான் என்று நினைத்துவிடுவார்களே என்று, இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து, ஹி ஸ்க்ரீம்டு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் உன் தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொன்னேன். அவள் அன்றைக்கு எனக்கு இரண்டாவது தடவை காபி போட்டுக் கொடுத்தாள்.

முதல் விசாரணை போன வாரத்துக்கு முந்தின வாரம் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த விசாரணை அதிகாரிக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். மெல்லிய குரல், எதிரில் இருக்கிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டால்தான் கேட்கும். எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழிலேயே கேட்டார். என் படிவத்தில் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "ஸ்க்ரீம்னு எழுதியிருக்கீங்க. அது பயத்துலயோ வலியிலயோ வர்றது. எச்சரிக்கை பண்றவங்க ஸ்க்ரீம் பண்ண மாட்டாங்களே" என்றார். பக்கத்தில் டை கட்டியிருந்த இன்ஷூரன்ஸ்காரர் சந்தோஷமாகப் பேனா மூடியைக் கழற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, பதினான்கும் பதினான்கு அளவு இல்லை, பதினான்கு விதமான திருகு மரை. பார்வைக்கு ஒரே போல்ட்டாக இருக்கும், நட்டை மாட்டினால் இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொள்ளும், அப்புறம் முன்னாலும் போகாது பின்னாலும் வராது.

உடனே திருத்தம் எழுதித் தருகிறேன் என்றேன். தரலாம் என்றார்கள். பதற்றத்தில் பக்கம் புரட்டி, பயம் இல்லாத சொல்லாக இருக்கட்டும் என்று ஷ்ரீக்கைப் போட்டேன். அது முன்னதைவிட மோசமாம், அதில் பயம் இன்னும் கொஞ்சம் கூடுதலாம். மறுநாள் காலையில் இரண்டாவது திருத்தமாக ஹவுல் என்று கொடுத்தேன். அது நாய்க்கும் நரிக்கும் ஆகுமாம். மூன்றாவதாக 52-ஆம் பக்கத்தில் ஒரு சொல்லைப் பிடித்தேன், அதில் நீங்கள் கத்து என்பதோடு நிறுத்தாமல் உரக்க அழு என்றும் போட்டிருக்கிறீர்கள், அவசரத்தில் முதல் வார்த்தையை மட்டும் படித்துவிட்டேன். அதன்படி என் மச்சினன், ஒன்பது வருஷ அனுபவம் உள்ள சிக்னல்காரன், யார்டு நடுவில் நின்று அம்மாவைத் தேடும் பிள்ளை மாதிரி விம்மி அழுதிருக்கிறான். சாட்சி நான்கு தடவை நான்கு விதமாகச் சொல்கிறார், இவர் சொல்வதை எப்படி நம்புவது என்று இன்ஷூரன்ஸ்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து என் மனைவி என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது அந்தக் குடும்பத்துக்கே கை வந்த கலை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அகராதியில் கிடைக்காததை அனுபவத்தில் தேடுவது. மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, அன்றைக்கு மௌனசாமி போட்ட சத்தத்தை மனதில் கொண்டுவந்து, அடிவயிற்றிலிருந்து ஓய் என்று ஒரு குரல் கொடுத்தேன். கீழே தெருவில் சைக்கிளில் போனவர் பிரேக் பிடித்து முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். தையற்கடைக்காரர் எழுதப் போன சாக்கட்டியைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்கடியில் பார்த்தார். ஒருத்தர்கூட என்னைப் பார்க்கவில்லை, எனக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. சரி, இது ஷவுட் என்று குறித்துக்கொண்டு, அடுத்து ஸ்க்ரீம் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு, குழாய்க்கட்டு என் தலை மேலேயே வருவதாக நினைத்துக்கொண்டு அலறினேன். கண்ணைத் திறந்தால் தையற்கடைக்காரர் கத்தரிக்கோலோடு மாடிப்படியில் நிற்கிறார், பக்கத்து வீட்டு நர்ஸம்மா கட்டுப் போடுகிற பெட்டியோடு நிற்கிறார், வீட்டுக்காரர் பட்டப்பகலில் டார்ச் விளக்கோடு நிற்கிறார், அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன ஆச்சு, எங்கே அடி என்று என் சட்டையை வேறு தூக்கிப் பார்த்தார்கள். ஆங்கிலம் படிக்கிறேன் என்று சொன்னேன். வீட்டுக்காரர் அடுத்த மாதத்திலிருந்து மாடிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எல்லாரும் போனபின் என் மனைவி மட்டும் படியிலேயே நின்றாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "முதல் தடவை கத்தினப்போ எல்லாரும் அவங்கவங்க காலடியைப் பார்த்தாங்க. ரெண்டாந்தடவை உங்களைப் பார்த்தாங்க. அன்னிக்கு அந்த டிரைவர் எங்க பார்த்தார்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள். பதினான்கு சொல், மூன்று திருத்தம், எண்ணூற்றுச் சொச்சம் பக்கம், இதில் எதிலும் இல்லாத ஒன்றை அவள் கையில் துவைத்த துணியோடு நின்று சொல்லிவிட்டாள். அந்த டிரைவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், இன்றைக்கு நேரில் வருகிறார். இப்போது படியேறும் சத்தம் கேட்கிறதே, ஊன்றுகோல் சத்தம், அது அவர்தான். அவர் பார்த்தது எங்கே என்று எனக்கும் தெரியாது. மௌனசாமியைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் அது அலறல்தான் என்றாகிவிடும், அதோடு கதை முடிந்தது. கேட்காமல் இருந்தாலும் முடிந்தது. மச்சினனிடம் இதைச் சொன்னேன், தலையை ஆட்டினான், சரி என்றா வேண்டாம் என்றா தெரியவில்லை. கூப்பிடுகிறார்கள். பேனாவை மூடுகிறேன்.

மணி பன்னிரண்டே முக்கால். மறுபடி அதே பெஞ்ச். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

உள்ளே முதலில் என்னைத்தான் நிற்க வைத்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர் என் நான்கு படிவத்தையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, இதில் எது உண்மை என்று கேட்டார். நாலும் பொய், எனக்கு ஆங்கிலம் அந்த அளவுக்குத் தெரியாது என்று சொன்னேன். டிக்‌ஷனரி என்று பெயர் வாங்கியவன் வாயால் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்காவது புரியும். பிறகு அதிகாரியிடம், டிரைவரை நான் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்று கேட்டேன். உறவுக்காரர் கேட்கக் கூடாது என்று டை ஆட்சேபித்தது. அதிகாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், நான் அவரைக் கேட்கிறேன் என்றார். சொன்னேன். அவர் அந்த மெல்லிய குரலில் டிரைவரிடம், சத்தம் கேட்டதும் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்.

டிரைவர் மாவுக்கட்டுக் காலைத் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்திருந்தார். மேலே மின்விசிறி டக் டக் என்று சுற்றுகிறது, எனக்கு முதுகில் வியர்வை இறங்குகிறது, மௌனசாமி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். டிரைவர் மண்டையைச் சொறிந்தார். "யாரையும் பார்க்கலைங்க. காலைத்தான் பார்த்தேன். பாம்புன்னு நினைச்சேன்" என்றார். அறையில் ஒருவர் சிரித்துவிட்டார், யார் என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. இரும்பு வழுக்குகிற சத்தமாக இருக்கலாமே என்று இன்ஷூரன்ஸ்காரர் விடாமல் பிடித்தார். டிரைவர் அவரைப் பாவமாகப் பார்த்தார். "இரும்புச் சத்தம்னா மேல பார்த்திருப்பேன் சார். இருபது வருஷப் பழக்கம். மேல பார்த்துட்டு அங்கயே நின்னிருந்தா இன்னிக்கு உங்ககிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன்" என்றார். அப்புறம் முதல் தடவையாக மௌனசாமி பக்கம் திரும்பி, நீதானாப்பா அது என்று கேட்டார். மச்சினன் தலையை ஆட்டினான். இந்த முறை சரி என்றுதான் ஆட்டினான்.

அதிகாரி என் நான்கு படிவத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு புதுத் தாளில் ஒரே ஒரு சொல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். வார்ன்டு. என் பதினான்கில் அது இல்லை. வெளியே வந்ததும் முதல் வேலையாக அகராதியைப் புரட்டினேன். பக்கம் 793, வார்ன்: எச்சரி. வேறொன்றுமில்லை, கத்து கிடையாது, கூச்சலிடு கிடையாது, ரத்தினச் சுருக்கமாக, சரியாகப் போட்டிருக்கிறீர்கள். நான்தான் சத்தத்தைத் துரத்திக்கொண்டு போனதில் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. இதை ஒப்புக்கொள்வதால் மேலே சொன்ன குற்றச்சாட்டு தள்ளுபடி என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது.

அத்துடன் முடிந்திருந்தால் நான் இந்நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டேன், எல்லாருக்கும் டீ வாங்கிக்கொண்டிருப்பேன். அதிகாரி கோப்பை மூடப் போனவர் திறந்தார். "எச்சரிச்சது சரி. ஆனா விசில் ஏன் ஊதலை? விதியில விசில்னுதான் இருக்கு" என்றார். மௌனசாமி சொன்னான், மறந்துட்டேன் என்று. கழுத்தில் இருந்ததா என்று கேட்டார். இல்லை, வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்றான். அன்றைக்கு மட்டுமா என்று கேட்டதற்குக் கொஞ்ச நாளாகவே என்றான். இன்ஷூரன்ஸ்காரர் முகம் மறுபடி மலர்ந்தது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் பல நாள் வேலைக்கு வந்ததைச் சிக்னல்காரரே ஒப்புக்கொண்டார், இது ஒன்றே வேலையை விட்டு நீக்கப் போதும் என்று விதியின் எண்ணையும் சொல்லிவிட்டார். அதிகாரி அறையை ஒரு சுற்றுப் பார்த்து, வேறு யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். என்னிடம் வரும்போது பார்வை கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. மேஜையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். கத்துவதற்குப் பதினான்கு சொல் தெரிந்த நான் ஒன்றுமே சொல்லவில்லை. முடிவை இரண்டு மணிக்கு அறிவிப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

விசில் அகராதி சம்பந்தப்பட்டது அல்ல என்று நான் முதலிலேயே சொன்னேன். ஆகவே அடுத்த பதிப்பிலாவது மேற்படி பதினான்கு சொற்களையும் பிரித்து, எது பயத்தில் வருவது, எது கோபத்தில் வருவது, எது அடுத்தவனைக் காப்பாற்ற வருவது என்று தனித்தனியே போடும்படியும், ஸ்க்ரீமும் ஷவுட்டும் தங்கள் நான்காம் பதிப்பின்படி ஒரே பொருள்தான் என்று ஒரு சான்றிதழில் முத்திரையிட்டு மறு தபாலில் எனக்கு அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தாங்களும் தங்கள் சந்ததியும் ஒருநாளும் தொண்டை வறளக் கத்த வேண்டிய தேவையில்லாமல், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும் பாக்கியத்தோடு பல்லாண்டு வாழ வேண்டும். தங்கள் அச்சகத்தாருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெறப் பதினான்கு மாதங்களே இருக்கும்
ஸ்டோர் கீப்பர்

பி.கு.: கையெழுத்துப் போட்டு மடித்துவிட்டேன். மறுபடி பிரிக்க வேண்டியதாகிவிட்டது. மேலே உள்ள எதையும் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். சான்றிதழும் வேண்டாம்.

விசில் அவன் வீட்டில் இல்லை. என் ஸ்டோர் மேஜை டிராயரில் இருக்கிறது. விபத்துக்குப் பதினோரு நாள் முன்பு, உள்ளே இருக்கிற குண்டு விழுந்துவிட்டது, காற்றுதான் வருகிறது, வேறு தாருங்கள் என்று என்னிடம் கொண்டுவந்தான். எங்கள் ஸ்டோரில் பழையதைக் கொடுத்தால்தான் புதியது. பழையதை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றி டிராயரில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் புதியது கேட்டு அவன் கொடுத்த சீட்டைப் பார்த்தேன், சூப்பர்வைசர் கையெழுத்து இல்லை. வாங்கிவா என்றேன். அவர் இரண்டு வாரம் லீவு. அப்படியானால் அந்தப் பழையதையாவது கொடுங்கள், காற்றாவது வரும் என்று கேட்டான். ஒப்படைத்த சாமானைத் திருப்பிக் கொடுக்க விதி இல்லை என்று சொல்லிவிட்டேன். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு டஜன் புது விசில் பெட்டி பிரிக்காமல் இருந்தது, இப்போதும் இருக்கிறது. மச்சினனுக்குச் சலுகை காட்டினான் என்று என்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான் அப்போது எனக்கிருந்த கவலை. அவனுக்கு விசில் இருந்திருந்தால் அவன் கத்தியிருக்கவே மாட்டான். கத்தாதிருந்தால் நான் உங்கள் அகராதியைத் திறந்திருக்கவும் மாட்டேன்.

இதையெல்லாம் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் மடித்தேன். அந்த நேரம் பார்த்து மௌனசாமி பெஞ்சில் என் பக்கமாக நகர்ந்து வந்து, காகிதக் கோப்பையில் இருந்த டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, "விடுங்க அத்தான். உங்களுக்கு இன்னும் பதினாலு மாசம்தானே" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிரைவருக்குக்கூடக் கேட்டிருக்காது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

மணி ஒன்று ஐம்பது. டிராயர் சாவி என் இடுப்பில் இருக்கிறது. இதை மறுபடி ஆங்கிலத்தில் எழுத எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. அந்த அதிகாரிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆகவே தங்கள் கைக்கு வருவது கார்பன் நகல், மன்னிக்கவும். அசல் உள்ளே போகிறது.